உயரத்தைப் பூட்டாத படக்குறிப்பு: பிவிகோ படத்தொகுப்புக்கான சிஎஸ்எஸ் வழிகாட்டி

144 பிக்சல் அகலமுள்ள ஒரு சிறுபடத்தின் அடியில் “வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம், தெப்பத் திருவிழா அன்று மாலை” என்று எழுதிப் பாருங்கள். 14 பிக்சல் எழுத்தில் அது நான்கைந்து வரிகளுக்கு ஓடும். பக்கத்துப் படத்தின் குறிப்பு “மாலை” என்ற ஒற்றைச் சொல்லாக இருந்தால், ஒரு பெட்டி நெட்டையாகவும் அடுத்தது குட்டையாகவும் நின்று வரிசையே கோணிவிடும். இதைக் கண்டதும் பலரும் முதலில் செய்வது குறிப்புப் பெட்டியின் உயரத்தை ஓர் எண்ணில் பூட்டுவதுதான். நானும் அதையே செய்தேன். 40 பிக்சல் என்று பூட்டி, வழிவதை மறைக்கச் சொன்ன பிறகு, “தஞ்சாவூர்” என்ற சொல்லில் ‘வூ’வின் கீழ்ச்சுழி வெட்டுப்பட்டு, அது என்ன எழுத்து என்றே தெரியாமல் போயிற்று.

அன்றிலிருந்து நான் பிடித்துக்கொண்டிருக்கும் விதி ஒன்றுதான். உயரத்தை எழுத்தே தீர்மானிக்கட்டும்; எத்தனை வரி என்பதை மட்டும் நாம் தீர்மானிப்போம்; வரிசையை நேராக்கும் வேலையைக் கிரிட், அதாவது பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸின் கட்ட அமைப்பு, பார்த்துக்கொள்ளட்டும். கீழே வரும் படிகள் அனைத்தும் இந்த விதியின் விரிவே. எடுத்துக்காட்டாக, இணையத்தில் படத்தொகுப்பு நடத்த உதவும் பிவிகோ மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். 2002ஆம் ஆண்டு பிஎச்பிவெப்கேலரி என்ற பெயரில் தொடங்கி 2009இல் பிவிகோ எனப் பெயர் மாற்றம் பெற்ற இந்தக் கட்டற்ற மென்பொருளைச் சொந்த வழங்கியில் நிறுவிக்கொள்ளலாம் என்பதால், அதன் தோற்றத்தில் கைவைக்கும் உரிமை முழுவதும் நம்மிடம் இருக்கிறது.

ஒரு முன்குறிப்பு: பண்புகள், மதிப்புகள், கிளாஸ் (ஒரே வகை உறுப்புகளுக்கு இடும் அடையாளம்) பெயர்கள் ஆகியவற்றை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கோப்பில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்டச்சிட வேண்டும்.

எந்தக் கோப்பில் எழுதுவது?

தீம் என்னும் தோற்றத் தொகுப்பின் சொந்தச் சிஎஸ்எஸ் கோப்பைத் தொடாதீர்கள். அடுத்த முறை தீமைப் புதுப்பிக்கும்போது உங்கள் உழைப்பு முழுவதும் அழிந்துவிடும். பிவிகோவுடன் சேர்ந்தே வரும் லோக்கல்ஃபைல்ஸ் எடிட்டர் என்ற பிளகினை (செருகுநிரலை) நிர்வாகப் பக்கத்தில் இயக்கினால், அதில் சிஎஸ்எஸ் என்ற தாவல் கிடைக்கும். அங்கே எழுதுவது லோக்கல் கோப்புறைக்குள் இருக்கும் சிஎஸ்எஸ் கோப்புறையில் சேமிக்கப்படுகிறது. மென்பொருளைப் புதுப்பித்தாலும் அது அப்படியே இருக்கும். எல்லாத் தீம்களுக்கும் பொதுவான கோப்பு ஒன்றும், ஒவ்வொரு தீமுக்கும் தனிக்கோப்பு ஒன்றும் அதில் உண்டு. படக்குறிப்பு விதிகளைத் தீமுக்குரிய கோப்பில் எழுதுவதே நல்லது, ஏனெனில் தீம் மாறினால் எச்டிஎம்எல் கட்டமைப்பும் கிளாஸ் பெயர்களும் மாறக்கூடும்.

இங்கே நான் சொல்லும் பெயர்கள் பிவிகோவின் இயல்புத் தீமிற்கும் அதன்மேல் கட்டப்பட்டவற்றிற்கும் உரியவை. பூட்ஸ்ட்ராப் டார்க்ரூம் போன்ற தீம்கள் வேறு வார்ப்பை (டெம்ப்ளேட்டை) பயன்படுத்துகின்றன. ஒரு படத்தின்மேல் வலச்சொடுக்கி உலாவியின் ஆய்வுக்கருவியைத் திறந்து, உங்கள் தீமில் என்ன பெயர் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குறிப்பின் எலும்புக்கூடு

சிறுபடங்கள் ‘தம்ப்நெய்ல்ஸ்’ என்ற கிளாஸ் கொண்ட பட்டியலுக்குள் இருக்கின்றன. ஒவ்வொரு பட்டியல் உறுப்புக்குள்ளும் ‘ராப்1’ என்ற ஸ்பான் (மற்றவற்றைப் பொதியும் ஓர் எச்டிஎம்எல் உறுப்பு). அதற்குள் ‘ராப்2’ என்ற ஸ்பானும், அதற்கு அடுத்து ‘தம்ப்லெஜெண்ட்’ என்ற ஸ்பானும் உள்ளன. படமும் இணைப்பும் ராப்2க்குள் இருக்கின்றன. தம்ப்லெஜெண்டுக்குள் ‘தம்ப்நேம்’ என்ற இன்னொரு ஸ்பானில் படத்தின் பெயரும், அதையொட்டிப் பார்வை எண்ணிக்கை போன்றவையும் வருகின்றன. கிளாஸ் பெயர்களில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறுவேறு. ‘லெஜெண்ட்’, ‘நேம்’ இரண்டின் முதலெழுத்தையும் பெரியதாக எழுத வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, எல்லாமே ஸ்பான் என்பதால் இயல்பில் அவை வரிக்குள் அடங்கும் உறுப்புகள். அகலம், உயரம், பேடிங் (உள்ளோர இடைவெளி) ஆகியவை எதிர்பார்த்தபடி வேலை செய்ய டிஸ்ப்ளே பண்பை மாற்ற வேண்டும். இரண்டாவது, குறிப்பு படத்தின் இணைப்புக்கு வெளியே இருக்கிறது. இந்தச் சின்ன விவரம் பின்னால் படத்தின்மேல் குறிப்பை மிதக்கவிடும்போது ஒரு தொல்லையைக் கொடுக்கும்.

இன்னொரு தடையும் உண்டு. இயல்புத் தீம், சிறுபடத்தின் அளவுக்கேற்பத் தம்ப்நெய்ல்ஸுக்குள் இருக்கும் ஸ்பான்களின் அகலத்தையும் ராப்2இன் உயரத்தையும் பக்கத்துக்குள்ளேயே எழுதிவைக்கிறது. அதை வெல்ல, மற்ற விதிகளை மீறும் ‘இம்பார்ட்டண்ட்’ என்ற சம்மட்டியை எடுக்கத் தேவையில்லை. ஆல்பம் பக்கத்தின் பாடி உறுப்புக்கு ‘தகேட்டகரிபேஜ்’ என்ற ஐடி இருக்கிறது. உங்கள் ஒவ்வொரு செலக்டரையும் (விதி எந்த உறுப்புக்கு என்று சொல்லும் பகுதியையும்) அந்த ஐடியில் தொடங்கினால் போதும், முன்னுரிமை தானாகவே உங்கள் பக்கம் வந்துவிடும்.

படி 1: கட்டத்தை அமைத்தல்

தம்ப்நெய்ல்ஸ் பட்டியலுக்கு டிஸ்ப்ளே பண்பில் கிரிட் என்ற மதிப்பைக் கொடுங்கள். நெடுவரிசைகளுக்கு ரிப்பீட் சார்பில் ஆட்டோ-ஃபில் என்றும், மின்மேக்ஸ் சார்பில் குறைந்தது 220 பிக்சல், அதிகபட்சம் 1 எஃப்ஆர் (மீதி இடத்தில் ஒரு பங்கு) என்றும் எழுதுங்கள். 220 பிக்சலை நேரடியாக எழுதுவதற்குப் பதிலாக, மின் சார்புக்குள் 100 விழுக்காட்டையும் 220 பிக்சலையும் சேர்த்து எழுதினால், அதைவிடக் குறுகிய இடத்திலும் கட்டம் வெளியே வழியாது. கேப் பண்பில் 1 ரெம் (பக்கத்தின் அடிப்படை எழுத்தளவு) இடைவெளி போதுமானது.

அடுத்து, ராப்2, தம்ப்லெஜெண்ட் ஆகியவற்றுக்கு டிஸ்ப்ளே பிளாக் என்றும், அகலமும் உயரமும் ஆட்டோ என்றும் எழுதுங்கள். இணைப்புக்கும் டிஸ்ப்ளே பிளாக், அகலம் ஆட்டோ. படத்துக்கு அகலம் 100 விழுக்காடு, ஆஸ்பெக்ட்-ரேஷியோ 3/2, ஆப்ஜெக்ட்-ஃபிட் கவர். நெடுக்குவாட்டுப் படங்களின் தலையும் காலும் இதில் வெட்டுப்படும் என்பது உண்மை. ஆட்களின் படங்கள் மிகுந்த ஆல்பமானால் கவர் என்பதற்குப் பதிலாகக் கண்டெய்ன் என்று கொடுத்து, பின்னால் ஒரு மங்கல் நிறத்தை வையுங்கள். 144 பிக்சல் சிறுபடத்தை 220க்கு மேல் இழுத்தால் படம் கலங்கித் தெரியும் என்பதால், நிர்வாகப் பக்கத்தின் கட்டமைப்பில் பட அளவுகள் பகுதிக்குச் சென்று சிறுபட அளவைத் தேவைக்கேற்ப உயர்த்திக்கொள்ளுங்கள்.

படி 2: எழுத்து

இங்கேதான் தமிழ்க்குறிப்புகள் அதிகம் கெடுகின்றன. காரணம், பெரும்பாலான தீம்களின் எழுத்தளவும் வரியுயரமும் இலத்தீன் எழுத்தை மனத்தில் வைத்து முடிவு செய்யப்பட்டவை. ‘கீ’யின் மேல்கொம்பு வரிக்கு மேலே ஏறும், ‘நூ’, ‘பூ’ ஆகியவை வரிக்குக் கீழே இறங்கும். லைன்-ஹைட் 1.2 என்றிருந்தால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் கொம்பும் ஒன்றையொன்று உரசும். 1.6 என்று அலகில்லாத எண்ணாக எழுதுங்கள். பிக்சலில் எழுதினால், எழுத்தளவு மாறும்போது வரியுயரம் கூடவே மாறாது.

எழுத்தளவுக்குக் கிளாம்ப் சார்பைப் பயன்படுத்தலாம்: குறைந்தது 0.9 ரெம், விருப்ப அளவு 0.85 ரெமுடன் திரையகலத்தின் 0.3 விழுக்காடு, அதிகபட்சம் 1.05 ரெம். விருப்ப அளவில் ரெம் கலந்திருப்பது தேவையானது. திரையகலத்தை மட்டும் நம்பினால், பயனர் உலாவியில் எழுத்தைப் பெரிதாக்கும்போது அது சரியாக வளராது.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான் ஆகியவற்றுள் ஒன்றை முதலில் வைத்து, விண்டோஸில் இருக்கும் நிர்மலா யூஐயை அடுத்ததாகவும், பொதுவான சான்ஸ்-செரிஃபைக் கடைசியாகவும் எழுதுங்கள். படக்குறிப்பைச் சாய்வெழுத்தில் காட்டுவது பல தீம்களின் பழக்கம். தமிழ் எழுத்துருக்களில் உண்மையான சாய்வெழுத்து அரிது என்பதால், உலாவி நேரெழுத்தையே இழுத்துச் சாய்த்துக் காட்டுகிறது; பார்க்கக் காற்றில் சாய்ந்த பயிர்போல இருக்கும். ஃபாண்ட்-ஸ்டைல் நார்மல் என்று எழுதி அதை நிமிர்த்திவிடுங்கள். லெட்டர்-ஸ்பேசிங்கையும் நார்மலுக்குக் கொண்டுவாருங்கள்.

படி 3: நீளத்தைக் கட்டுக்குள் வைத்தல்

ஒரே வரியில் வெட்டி மூன்று புள்ளி வைக்கும் டெக்ஸ்ட்-ஓவர்ஃப்ளோ எலிப்சிஸ் முறையைத் தமிழுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். 220 பிக்சலில் “வண்டியூர் மாரியம்மன் தெ…” என்பதோடு அது நின்றுவிடும்; அதே குளத்தின் பத்துப் படங்களும் ஒரே பெயரில் நிற்பதுபோலத் தோன்றும். இரண்டு அல்லது மூன்று வரிகள் கொடுத்து அதற்குமேல் வெட்டுவதே பொருத்தம்.

இதற்குத் தம்ப்நேமுக்கு நான்கு பண்புகள் சேர்ந்து வர வேண்டும்: டிஸ்ப்ளே பண்பில் வெப்கிட்-பாக்ஸ், வெப்கிட்-பாக்ஸ்-ஓரியண்ட் பண்பில் வெர்ட்டிகல், வெப்கிட்-லைன்-கிளாம்ப் பண்பில் 2, ஓவர்ஃப்ளோ பண்பில் ஹிடன். மூன்று வெப்கிட் சொற்களுக்கும் முன்னால் ஒரு சிறுகோடு உண்டு. பெயர் பழையதாகத் தெரிந்தாலும் ஃபயர்ஃபாக்ஸ் உள்ளிட்ட முக்கிய உலாவிகள் எல்லாமே இதை ஏற்கின்றன.

பேடிங்கைத் தம்ப்நேமில் வைத்துவிடாதீர்கள். வெட்டு, பேடிங்கின் வெளிவிளிம்பில்தான் நடக்கிறது. ஆகவே கீழ்ப் பேடிங்கின் இடத்தில் மறைந்திருக்க வேண்டிய மூன்றாம் வரியின் உச்சந்தலை எட்டிப் பார்க்கும். பேடிங்கை வெளியிலிருக்கும் தம்ப்லெஜெண்டில் வையுங்கள், வெட்டுவதை உள்ளிருக்கும் தம்ப்நேமில் வையுங்கள். பிவிகோ இரண்டு ஸ்பான்களைக் கொடுத்திருப்பது இதற்கு வசதியாக அமைந்துவிட்டது. இப்படி வெட்டப்பட்ட எழுத்து கண்ணுக்குத்தான் மறைகிறது. பக்கத்தில் அது முழுமையாக இருப்பதால் திரைவாசிப்பான் அதை முழுவதும் படித்துவிடும்.

“கங்கைகொண்டசோழபுரம்” போன்ற ஒற்றை நெடுஞ்சொல் குறுகிய பெட்டியை முட்டிக்கொண்டு வெளியே நீளலாம். ஓவர்ஃப்ளோ-ராப் பண்பில் எனிவேர் என்று எழுதினால், வேறு வழியே இல்லாதபோது மட்டும் சொல் உடையும். வேர்ட்-பிரேக் பண்பில் பிரேக்-ஆல் என்று எழுதுவது வேறு; அது எல்லாச் சொற்களையும் வரியின் ஓரத்தில் கண்ட இடத்தில் முறிக்கும், தமிழில் அதைப் படிக்க முடியாது.

“டிஎஸ்சி 0412” என்று கேமரா இட்ட பெயரே குறிப்பாக நிற்கும் படங்களைச் சிஎஸ்எஸ் காப்பாற்றாது. பெயர் கொடுக்காத படங்களுக்குப் பிவிகோ கோப்புப் பெயரையே, அடிக்கோட்டை இடைவெளியாக மாற்றிக் காட்டுகிறது. தொகுதி மேலாண்மைப் பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களை எழுதிவிட்டுப் பிறகு அலங்காரத்துக்கு வாருங்கள்.

படி 4: வரிசையை நேராக்குதல்

இப்போது சில குறிப்புகள் ஒரு வரியிலும் சில இரண்டு வரிகளிலும் இருக்கும். எளிய தீர்வு, தம்ப்நேமுக்கு மின்-ஹைட் பண்பில் 3.2 எம் (எம் என்பது அந்த உறுப்பின் எழுத்தளவு) என்று எழுதுவது, 1.6 வரியுயரத்தை இரண்டால் பெருக்கினால் வருவது அது. பூட்டிய உயரத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, எழுத்து பெரிதானால் இதுவும் கூடவே வளரும் என்பதுதான். ஆனால் வரிசையில் எல்லாக் குறிப்புகளும் ஒரே வரியாக இருக்கும்போது இரண்டாம் வரியின் இடம் வீணே கிடக்கும்.

அதைத் தவிர்க்க, வெளிக்கட்டத்தின் வரிசைகளை உள்ளிருக்கும் உறுப்பும் பகிர்ந்துகொள்ளும் சப்கிரிட் இருக்கிறது. 2023 செப்டம்பரில் குரோம் 117 வந்ததிலிருந்து முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் இது வேலை செய்கிறது. ராப்1க்கு டிஸ்ப்ளே கண்டென்ட்ஸ் என்று கொடுத்தால், அந்தப் பெட்டி இல்லாததுபோல் ஆகி, ராப்2உம் தம்ப்லெஜெண்டும் பட்டியல் உறுப்பின் நேரடிப் பிள்ளைகளாக நடந்துகொள்ளும். பிறகு பட்டியல் உறுப்புக்கு டிஸ்ப்ளே கிரிட், கிரிட்-ரோ பண்பில் ஸ்பான் 2, கிரிட்-டெம்ப்ளேட்-ரோஸ் பண்பில் சப்கிரிட், ரோ-கேப் 0 என்று எழுதுங்கள். இப்போது ஒரே வரிசையில் உள்ள படங்கள் எல்லாம் ஒரே கோட்டில் முடிந்து, குறிப்புகள் எல்லாம் ஒரே கோட்டில் தொடங்கும். அந்த வரிசையின் மிக நீண்ட குறிப்பே மற்றவற்றின் உயரத்தையும் தீர்மானிக்கும். எந்த எண்ணும் பூட்டப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

படி 5: பெட்டியின் அகலத்தைக் கேட்டு நடத்தல்

திரையகலத்தை வைத்து எழுதும் மீடியா விதிகள் இங்கே அவ்வளவாக உதவாது. அகன்ற திரையிலும் பெட்டி குறுகலாக இருக்கலாம், கைப்பேசியில் ஒற்றை நெடுவரிசையாக அகலமாகவும் இருக்கலாம். கண்டெய்னர் விதிகள் பெட்டியின் அகலத்தையே கேட்கின்றன. கண்டெய்னர்-டைப் பண்பில் இன்லைன்-சைஸ் என்று எழுதிவிட்டு, பெட்டி 280 பிக்சலுக்கு மேல் இருந்தால் தம்ப்நேமுக்கு மூன்று வரி என்று விதிக்கலாம்.

இதை எந்த உறுப்பில் எழுதுவது என்பதில் ஒரு மாலைப்பொழுதை நான் தொலைத்திருக்கிறேன். பட்டியல் உறுப்பில் எழுதுவதுதான் இயல்பாகத் தோன்றும். ஆனால் கண்டெய்னராக மாறிய உறுப்பு தனித்த அமைவுச் சூழலாகிவிடுவதால் அதில் சப்கிரிட் செயலற்றுப்போகும். பிழைச்செய்தி எதுவும் வராது, வரிசை மட்டும் மறுபடி கோணும். கண்டெய்னராகத் தம்ப்லெஜெண்டை அறிவியுங்கள். அதன் உள்ளிருக்கும் தம்ப்நேம் அதனிடம் அகலத்தைக் கேட்டுக்கொள்ளும், சப்கிரிட்டும் கெடாது.

படி 6: படத்தின்மேல் மிதக்கும் குறிப்பு

சிலருக்குக் குறிப்பு படத்தின் அடிப்பகுதியிலேயே தெரிய வேண்டும். எனக்கு இதில் பெரிய விருப்பம் இல்லை, ஏனெனில் நீண்ட குறிப்பு படத்தையே தின்றுவிடும். இயற்கைக்காட்சி ஆல்பங்களுக்கு மட்டும் ஒப்புக்கொள்வேன். பட்டியல் உறுப்புக்குப் பொசிஷன் ரிலேட்டிவ், தம்ப்லெஜெண்டுக்குப் பொசிஷன் ஆப்சொலூட், கீழும் இருபக்கமும் 0. குறிப்பு கட்டத்திலிருந்து வெளியேறிவிடுவதால் கிரிட்-ரோவை ஸ்பான் 1க்கு மாற்றிவிடுங்கள்.

நான் முன்பு சொன்ன தொல்லை இங்கே வருகிறது. குறிப்பு இணைப்புக்கு வெளியே இருப்பதால், படத்தின் கீழ்ப்பகுதியைத் தொடுகிறவரின் சொடுக்கைக் குறிப்பு விழுங்கிவிடும், படம் திறக்காது. தம்ப்லெஜெண்டுக்குப் பாயிண்ட்டர்-ஈவண்ட்ஸ் நன் என்று எழுதினால் சொடுக்கு அடியிலுள்ள இணைப்புக்குப் போய்ச் சேரும்.

வெள்ளை எழுத்துக்குப் பின்னால் எவ்வளவு கருமை வேண்டும் என்பதைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள். அணுகல்தன்மை நெறிமுறையான டபிள்யூசிஏஜி, சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 என்ற நிறவேறுபாட்டைக் கேட்கிறது. வெள்ளை வானத்தின்மேல் 50 விழுக்காடு கருமையை இட்டால் 3.95:1 தான் கிடைக்கும். 60 விழுக்காடு என்றால் 5.74:1 கிடைக்கும். ஆகவே எழுத்து இருக்கும் பகுதி முழுவதும் 0.6க்குக் குறையாமல் இருக்கட்டும். கீழிருந்து மேலாக மங்கும் கிரேடியண்ட் வேண்டுமென்றால், மேல் பேடிங்கை 2 எம் அளவுக்குக் கூட்டி, மங்குவது அந்த வெற்றிடத்தில் மட்டும் நடக்குமாறு செய்யுங்கள். இல்லையென்றால் முதல் வரி மங்கலில் மாட்டிக்கொள்ளும்.

சுட்டியைக் கொண்டுசென்றால் மட்டும் குறிப்பு தோன்றும்படி செய்பவர்கள், அந்த விதியை ஹோவர் என்ற மீடியா நிபந்தனைக்குள் எழுத வேண்டும். தொடுதிரையில் சுட்டி கிடையாது. நிபந்தனையில்லாமல் மறைத்தால் கைப்பேசியில் பார்ப்பவருக்குக் குறிப்பு இருப்பதே தெரியாது. விசைப்பலகையால் நகர்கிறவருக்காக ஃபோகஸ்-விதின் செலக்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மறைக்க ஒபாசிட்டி 0 போதும், டிஸ்ப்ளே நன் வேண்டாம்.

படி 7: ஆல்பத்துக்கு ஓர் அமைப்பு

வரிகளின் எண்ணிக்கை, பேடிங், பின்னணி நிறம் ஆகியவற்றை மாறிகளாக வைத்தால் ஆல்பத்துக்கு ஆல்பம் மாற்றுவது எளிது. சிஎஸ்எஸ் மாறிகளின் பெயரைத் தமிழிலேயே எழுதலாம் என்பது பலருக்குத் தெரியாது. --வரிகள், --ஓரம், --பின்னணி ஆகியவை முற்றிலும் செல்லுபடியாகும் பெயர்கள். கோப்பு யூடிஎஃப்-8 ஆக இருந்தால் போதும். பாடியில் --வரிகள் என்பதற்கு 2 என்று கொடுத்துவிட்டு, லைன்-கிளாம்ப் பண்பில் வார் சார்பின் வழியாக அதை அழையுங்கள். கால்க் சார்பில் 1.6 எம்மை அதனால் பெருக்கி மின்-ஹைட்டுக்கும் தரலாம்.

பிவிகோவின் அண்மைப் பதிப்புகளில் பாடி உறுப்பின் கிளாஸ் பட்டியலில் ஆல்பத்தின் எண்ணும் ‘கேட்டகரி-12’ என்பதுபோல இடம்பெறுகிறது. திருவிழா ஆல்பத்தின் எண் 12 என்றால், அந்தக் கிளாஸுக்கு --வரிகள் 3 என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும். மற்ற ஆல்பங்கள் அசையாது. பெரிய படம் திறக்கும் பக்கத்தின் ஐடி ‘தபிக்சர்பேஜ்’. அங்கே விளக்கம் ‘இமேஜ்கமெண்ட்’ என்ற கிளாஸில் வருகிறது; அதை வெட்ட வேண்டியதில்லை, அகலத்தை மட்டும் மேக்ஸ்-வித் பண்பில் 40 எம் அளவுக்குள் நிறுத்தினால் படிக்க வசதியாக இருக்கும்.

சரிபார்த்தல்

மாற்றம் திரையில் தெரியவில்லை என்றால் முதலில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் விசைகளைச் சேர்த்து அழுத்திப் பக்கத்தைப் புதுப்பியுங்கள்; அதற்கும் அசையாவிட்டால் நிர்வாகப் பக்கத்தின் பராமரிப்புப் பகுதியில் தொகுக்கப்பட்ட வார்ப்புகளை நீக்குங்கள். பிவிகோ சிஎஸ்எஸ் கோப்புகளை ஒன்றாகச் சேர்த்துச் சுருக்கி அனுப்புவதால், கண்டெய்னர் போன்ற புதிய விதிகள் வழியில் சிதைந்திருக்கின்றனவா என்பதையும் உலாவிக்கு வந்துசேர்ந்த கோப்பில் தேடிப் பாருங்கள். ஐயம் இருந்தால், லோக்கல் கட்டமைப்புக் கோப்பில் ‘டெம்ப்ளேட்_கம்பைன்_ஃபைல்ஸ்’ என்ற அமைப்புக்கு ஃபால்ஸ் என்று கொடுத்து, சேர்ப்பதை நிறுத்திச் சோதிக்கலாம்.

பிறகு ஒரு சோதனை ஆல்பம் உருவாக்கி அதில் நான்கு படங்களை ஏற்றுங்கள். ஒன்றின் பெயர் ஒற்றைச் சொல். இன்னொன்று உங்கள் தொகுப்பிலேயே மிக நீண்ட குறிப்பு. மூன்றாவது இடைவெளியே இல்லாத நெடுஞ்சொல். நான்காவது ‘கீ’யும் ‘நூ’வும் மேலும் கீழுமாக அடுத்தடுத்த வரிகளில் வரும் குறிப்பு. திரையை 320 பிக்சல் வரை குறுக்கியும், எழுத்தை 200 விழுக்காடு வரை பெரிதாக்கியும் நான்கையும் பாருங்கள். ‘நூ’வின் வால் முழுதாகத் தெரிந்தால் உங்கள் சிஎஸ்எஸ் கோப்பின் நகல் ஒன்றை உங்கள் கணினியில் எடுத்து வைத்துக்கொண்டு, சோதனை ஆல்பத்தை மற்றவர் கண்ணில் படாதபடி தனிப்பட்டதாக மாற்றிவிடுங்கள்; அடுத்த தீம் மாற்றத்தின்போது அந்த ஆல்பம் மறுபடி தேவைப்படும்.